காளியம்மாள் ஊர் பார்க்கப் போனாள்

திருக்காட்டுப்பள்ளி கடைவீதியில் காளியம்மாளிடம் மீன் வாங்குகிறவர்கள் பேரம் பேசமாட்டார்கள். பேசிப் பார்த்து அடங்கிப்போனவர்கள் என்று சொல்வதுதான் சரி. சங்கரா இன்றைக்கு வேண்டாம், நேற்றுப் பிடித்தது, மத்தி வாங்கிக்கொண்டு போங்கள் என்று அவளே சொல்லிவிடுவாள். அதற்கு மேல் நமக்கு என்ன பேச்சு இருக்கிறது? நாகூருக்குப் பக்கத்தில் மீனவர் தெருவில் பிறந்தவள். கல்யாணமான சில வருஷத்தில், அதே தெருக்காரரான புருஷன் செல்லத்துரையோடு இந்த ஊருக்கு வந்து கடை போட்டாள். அவர் விடிவதற்குள் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போய் மீன் ஏற்றி வருவார். வெட்டுவது, விற்பது, வாயாடுவது எல்லாம் இவள்.

நான் அவர்களுக்கு அடுத்த வீடு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், பூண்டி மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். எனக்கு முன்கோபம் அதிகம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். என்னோடு சண்டை போட்டுவிட்டு மறுநாள் வந்து சிரிக்கிற ஒரே ஆள் காளியம்மாள்தான், அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போகிறது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊருக்கு இதைவிடப் பெரிய வேலை வேறு கிடையாது. மாமியார் இருந்தவரை மாமியார், பிறகு நாத்தனார், பிறகு மீன் வாங்க வருகிறவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவளைக் கோயில் கோயிலாக இழுத்தடித்தார்கள். திருக்கருகாவூரில் அம்மன் பாதத்தில் வைத்த நெய்யை வாங்கி வந்து சாப்பிட்டாள். புருஷனும் சேர்ந்து சாப்பிட வேண்டிய நெய் அது. அவர் நாலு நாள் சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டார். நாகூர் தர்காவில் போய்த் தங்கினாள். வேளாங்கண்ணியில் பட்டப்பகலில் சுடுமணலில் மண்டியிட்டு நடந்தே மாதா கோயில் வரைக்கும் போனாள், முட்டி பொத்துப்போய் ரத்தம் வந்தது. அங்கே மரத்தில் சின்னத் தொட்டில் கட்டினாள். இவ்வளவும் நடக்கும்போது செல்லத்துரை எங்கே இருந்தார் என்று கேட்கிறீர்களா? வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ குடித்தார். திரும்பி வந்ததும், "ஆச்சா, கிளம்பலாமா?" என்று கேட்டார்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாளிடமும் காட்டினாள். அவளுக்கு எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, உனக்கு ஒரு குறையும் இல்லை, அடுத்த தடவை வீட்டுக்காரரையும் அழைத்து வா என்றார் அந்த அம்மாள். செல்லத்துரை போகவில்லை. இன்றைக்குத் துறைமுகத்தில் வேலை, நாளைக்கு வண்டி வேலை என்று நழுவிக்கொண்டே இருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், அவளை ஒரு சொல் சொல்ல மாட்டார். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. காளியம்மாள்தான், விடுங்க டீச்சர் என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

அப்புறம் வயது ஏறி அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அது உறுதியான அன்றைக்கு அவள் ஒரு வஞ்சிர மீனை முழுசாகக் கொண்டுவந்து என் வீட்டிலேயே குழம்பு வைத்தாள். இனிமேல் எந்தச் சாமியிடமும் போய்த் தலையைக் குனிய வேண்டாம் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் நடிக்கவில்லை. மனசு நிறைந்து சாப்பிட்டாள்.

சில வருஷம் கழித்து, எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒரு குழு புனித பூமிக்குக் கிளம்பியது, அங்கே போர் தொடங்குவதற்கு முந்தைய பிப்ரவரியில். எருசலேம், பெத்லகேம், நாசரேத், யோர்தான் நதி எல்லாம் பார்க்கிற பயணம். நானும் பேர் கொடுத்திருந்தேன். மீன் வாங்கப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"நாங்களும் வரலாமா டீச்சர்? நாங்க வேதக்காரங்க இல்லையே."

யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஏற்பாடு செய்கிறவரே சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். உடனே அவள் போட்ட நிபந்தனைதான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம்.

"நான் எதையும் கேக்க வரல. எனக்காக யாரும் எதையும் கேக்கவும் கூடாது. வேளாங்கண்ணிக்கு எத்தன தடவ போயிருக்கேன், மணலத் தவிர ஒண்ணும் பாத்ததில்ல. திருக்கருகாவூர் கோபுரம் எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு ஊருக்காச்சும் தலைய நிமுத்திக்கிட்டுப் போயி, ஊரு பாத்துட்டு வரணும்."

செல்லத்துரையிடமும் சத்தியம் வாங்கினாள். சாமி மேல் இல்லை, கடல் மேல். அவர்கள் தெருவில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. எதுவும் கேட்க மாட்டேன் என்று அவர் சொன்னார். சொந்தக் காசில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். தஞ்சாவூரில் அவருக்குப் பச்சை நாடா போட்ட வெள்ளை ஷூ ஒன்று வாங்கினாள். வாழ்நாள் முழுக்க ரப்பர் செருப்புப் போட்ட கால் அது. விமான நிலையத்தில் அவர் நடந்த நடையைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அந்த ஷூவால் வழியெல்லாம் தொல்லை. நம் ஊரில் கோயில் என்றால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவோம், மாதா கோயிலானாலும் அப்படித்தான். அங்கே எல்லோரும் ஷூவோடுதான் உள்ளே போகிறார்கள். முதல் கோயிலில் எங்கள் குழுவே வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனது, வழிகாட்டி தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த கோயிலுக்குள் நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம். செல்லத்துரை மட்டும் பழகவே இல்லை. எந்தக் கோயிலானாலும் வாசலில் குனிந்து, நாடாவை அவிழ்த்து, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் படி ஏறுவார். யாராவது தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்று காளியம்மாள் திட்டாத இடமில்லை. "சாமி இருக்குற எடத்துல ஷூவப் போட்டுக்கிட்டு எப்படி?" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

கலிலேயாக் கடலுக்குப் போன அன்று அவர்கள் இருவரும் எங்களுக்கெல்லாம் முன்னால் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். செல்லத்துரை கையை விட்டுத் தண்ணீரை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். உப்பே இல்லை, இதைப் போய்க் கடல் என்கிறார்களே என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். படகுக்காரர் சுற்றுலா வந்தவர்களுக்காக வீச்சுவலையை எடுத்து ஒரு தடவை வீசிக் காட்டினார். செல்லத்துரை சைகை காட்டி வலையைக் கேட்டு வாங்கி, வேட்டியை மடிக்கிற பழக்கத்தில் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீசினார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. ஒரு மீன்கூட வரவில்லை என்றாலும் படகு முழுக்கக் கை தட்டியது. காளியம்மாள் விசில் அடித்தாள். ஆமாம், விசில்தான். எங்கள் குருவானவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு, பேதுருவின் மீன் என்று பெருமையாகச் சொல்லி ஆளுக்கொரு முழு மீனைப் பொரித்து வைத்தார்கள். காளியம்மாள் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். "டீச்சர், இது நம்ம ஊரு ஜிலேபிக் கெண்ட. கொளத்துல கெடக்குறது. இதச் சீந்தக்கூட ஆள் இருக்காது." சொல்லிவிட்டு முள் மட்டும் மிச்சம் இருக்கும்படி தின்று தீர்த்தாள். நன்றாகத்தான் பொரித்திருக்கிறான் என்று சான்றிதழும் கொடுத்தாள்.

யோர்தான் நதி எங்கள் குடமுருட்டி ஆற்றில் பாதிகூட இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். காளியம்மாளுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, அக்கரையில் நிற்கிற வேறு தேசத்து ஆட்களுக்குக் கையை ஆட்டினாள். சாக்கடலில் நைட்டியோடு மல்லாந்து மிதந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இத்தனை வருஷம் பழகியும் நான் பார்க்காத காளியம்மாள் அவள்.

இந்தச் சந்தோஷத்துக்கு உலை வைக்க வந்தவர் ஜெபமாலையம்மாள். எங்கள் குழுவில் வந்தவர், நல்ல மனசு, ஆனால் வாயை மூடத் தெரியாது. காளியம்மாளுக்குப் பிள்ளை இல்லை என்று எப்படியோ தெரிந்துகொண்டு, வேளாங்கண்ணிக் கடையில் விற்கிற சின்ன மரத்தொட்டில் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பெத்லகேமில் பால் கெபி, அதாவது பால் குகை என்று ஒரு கோயில் இருக்கிறது. மாதா அங்கே குழந்தைக்குப் பாலூட்டியபோது ஒரு சொட்டு விழுந்து பாறையே வெள்ளையாகிவிட்டது என்பது நம்பிக்கை. பிள்ளை வரம் கேட்கிறவர்களுக்கு அந்த வெள்ளைப் பாறையின் பொடியைக் கொடுப்பார்கள். அங்கே அந்தத் தொட்டிலைக் கட்டிவிட வேண்டும் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். வேதத்தில் வருகிற எலிசபெத்தம்மாளுக்கு வயதான காலத்தில்தானே ஆண்டவர் பிள்ளை கொடுத்தார் என்று ஆரம்பித்தார். பஸ்ஸே திரும்பிக் காளியம்மாளைப் பார்த்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, எழுந்து நாலு வார்த்தை கேட்கத்தான் இருந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எனக்கு அம்பதத் தாண்டிருச்சுங்க அக்கா. இப்பப் பொறந்தா அது காலேஜ் போறப்ப நான் எங்க இருப்பேன்? மீன் கடைய யாரு பாப்பா? ஆள விடுங்க."

பஸ் சிரித்துவிட்டது. ஆனால் அவள் பிடித்த என் கை வலித்தது. எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த செல்லத்துரை ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். அவர் எழுந்து ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாமா?

எருசலேமில் யூதர்கள் அழுது வேண்டிக்கொள்கிற மதில் சுவர் இருக்கிறது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வேண்டுதலைத் தாளில் எழுதிக் கல் இடுக்கில் செருகுவார்கள். வழிகாட்டி ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்தார். காளியம்மாள் தன் தாளை எனக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பெரிய கல்லில் உள்ளங்கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கல் இடுக்கில் ஒரு புறா கூடு வைத்திருப்பதை எனக்குக் காட்டினாள். பக்கத்தில் யூதப் பெண்கள் சுவருக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து போவதைப் பார்த்து இவளும் அப்படியே நடந்து வந்தாள். வெளியே வந்ததும் முதல் வேலையாகச் செல்லத்துரையின் சட்டைப் பையில் கையை விட்டுப் பார்த்தாள். தாள் மடித்தபடி அப்படியே இருந்தது. அதில் ஒன்றும் எழுதவில்லை. தலையில் வைக்கக் கொடுத்த சின்னத் தொப்பியைக் கழற்றவும் மறந்து அவர் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு அப்போது முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

பெத்லகேமுக்குக் கடைசியாகத்தான் போனோம். இயேசு பிறந்த இடத்தில் குனிந்து நட்சத்திரத்தைத் தொட்டுவிட்டு வெளியே வந்தோம். குழு பால் கெபிப் பக்கம் திரும்பியது. காளியம்மாள் நின்றுவிட்டாள்.

"நான் வரல டீச்சர். அந்த ஒரு எடம் மட்டும் வேணாம். நீங்க போயிட்டு வாங்க, நான் கடையப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

அவளைத் தனியாக விட எனக்கு மனமில்லை. அந்தத் தெருவில் ஒலிவ மரத்தில் பொம்மை செதுக்கி விற்கிற கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடையில் மரத்திலேயே துடுப்போடு ஒரு படகு செய்து வைத்திருந்தான். அதைச் செல்லத்துரைக்குக் காட்ட வேண்டும் என்று திரும்பினாள். ஆளைக் காணோம். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போய் நேரமாகியிருந்தது. தேடிக்கொண்டு இரண்டு பேரும் தெருவில் மேலே நடந்தோம்.

பால் கெபி வாசலில், சுவரோரமாக, பச்சை நாடா போட்ட வெள்ளை ஷூ இரண்டும் ஜோடியாக இருந்தன.

வேறு ஒருத்தர் ஷூவும் அங்கே இல்லை. உலகமே ஷூவோடு உள்ளே போகிற வாசலில் இப்படிக் கழற்றி வைக்கிற ஆள் ஒருவர்தான். காளியம்மாளின் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு வரவில்லை. இத்தனை நாளும் நிமிர்ந்திருந்த தலை குனிந்துவிட்டது. "கடல் மேல சத்தியம் பண்ணாரு டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். அந்த ஷூவை எடுத்துத் தெருவில் வீசப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். மனுஷரை அங்கேயே வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்றுதான் போனேன்.

உள்ளே ஜெபமாலையம்மாள் தொட்டிலைக் கட்ட மரம் எங்கே, கம்பி எங்கே என்று ஒரு கன்னியாஸ்திரீயோடு தமிழில் வாதாடிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் பார்த்தேன். வெள்ளைப் பாறைக்கு நடுவே, கல் தரையில், செல்லத்துரை மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தார். கையைக் கூப்பியிருந்தார். ஒரு முட்டியை வைத்து, நின்று, அடுத்ததை வைத்துத் தட்டுத்தடுமாறிப் போனார். பழக்கமில்லாத உடம்பு, பாவம். இன்னொரு கன்னியாஸ்திரீ குனிந்து பொடிப் பொட்டலத்தை நீட்டினார். இவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அவர் மறுபடியும் நீட்ட, இவர் கும்பிட்டுவிட்டு மறுபடியும் வேண்டாம் என்றார்.

நான் பக்கத்தில் போய்க் குனிந்து, சத்தியம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"கேக்கல டீச்சர். சத்தியமா எதையும் கேக்கல. அவ எத்தன எடத்துல இப்படி முட்டி போட்டா. நான் வெளியில நின்னு செருப்பப் பாத்துக்கிட்டிருந்தேன். டாக்டரம்மா கூப்புட்டப்பவே நான் போயிருக்கணும். பயந்துகிட்டுப் போகல. அதச் சொல்லத்தான் வந்தேன், வேற ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு மறுபடியும் நகர ஆரம்பித்தார். பீடத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. எத்தனையோ வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெளியே வந்து காளியம்மாளிடம், அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன். பொடி வேண்டாம் என்றதையும் சொன்னேன்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தாள், ஆனால் படி ஏறவில்லை.

"முடிக்க நேரமாகுமா?"

ஆகும், மெதுவாகத்தான் போகிறார் என்றேன்.

"மெதுவா வரட்டும்" என்றாள். வாசல் படியில் உட்கார்ந்து அந்த ஷூ இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் ஒருவன் சின்னக் கிளாஸில் புதினா டீ விற்றுக்கொண்டு போனான். அவனைக் கூப்பிட்டு ஒன்று வாங்கிக் குடித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வழிகாட்டி ஓடி வந்தார். நிற்கட்டும் என்று நான் போட்ட அதட்டலில் அவர் வந்த வழியே போய்விட்டார். ஜெபமாலையம்மாள் கட்ட முடியாத தொட்டிலோடு வெளியே வந்து, வாசலில் உட்கார்ந்திருக்கிற காளியம்மாளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

செல்லத்துரை வந்தார். பேன்ட்டின் முட்டி இரண்டும் வெள்ளைத் தூசி. வாசலில் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை, அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

"முட்டி வலிக்குதா?"

"வலிக்குது காளி."

"வலிக்கட்டும்" என்றாள்.

பிறகு மடியிலிருந்த ஷூவை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்கிட்டு வாங்க. அந்தக் கடையில மரத்துல படகு செஞ்சு வச்சிருக்கான். காட்டுறேன்."